ஒத்தடம் பிரதர்ஸின் வலது காது

"யாருப்பா அடிச்சது?" என்று கேட்டார் காது மூக்கு தொண்டை டாக்டரம்மா.

பேயாண்டி பக்கத்து நாற்காலியைக் கை காட்டினான். "இவன்தான் மேடம்."

யூனுஸ் எழுந்து நிற்பதா, உட்கார்ந்தே இருப்பதா என்று தெரியாமல் பாதி எழுந்தான்.

"எதுக்கு அடிச்சீங்க?"

"சிரிப்பு வரணும்ல மேடம்," என்று அவனுக்கும் சேர்த்துப் பேயாண்டியே பதில் சொன்னான். "ஒரு ஷோவுக்குப் பதினோரு அடி. ஒண்ணு கொறஞ்சாலும் விழாக் கமிட்டிக்காரங்க எண்ணிப் பாத்துக் கேப்பாங்க."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. சிறிய கேமரா பொருத்திய குழலை அவன் வலது காதுக்குள் விட்டு, திரையைத் திருப்பிக் காட்டினார். சிவப்பாக, ஈரமாக ஏதோ தெரிந்தது. நடுவில் மிளகு அளவுக்குக் கறுப்பாக ஓர் ஓட்டை. மூன்று வருஷமாகத் தன் உள்ளங்கை போய்க்கொண்டிருந்த இடம் அதுதான் என்று புரிந்ததும் யூனுஸ் அந்தக் கையை மடியில் மறைத்துக்கொண்டான்.

"ஜவ்வு கிழிஞ்சு சீழ் வச்சிருக்கு. மருந்து போட்டுக் காய வச்சு, ரெண்டு மாசம் கழிச்சு ஆபரேஷன்ல ஒட்டிரலாம். ஆனா இன்னொரு அடி விழுந்து உள்ள நரம்பு போச்சுன்னா, அதுக்கப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. உங்களுக்கு இருக்கறதே இந்த ஒரு காது. அத ஞாபகம் வச்சுக்கங்க."

"ஒரு காதுன்னா?" என்றான் யூனுஸ்.

டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "இடது காது ஏழு வயசுலயே போயிருச்சே. பொன்னுக்கு வீங்கி வந்து. உங்ககிட்ட சொல்லலையா?"

பேயாண்டி சுவரில் இருந்த மருந்து கம்பெனி காலண்டரை, பரீட்சைக்குப் படிப்பவன்போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று வியாழக்கிழமை. அடுத்த வாரம் சனிக்கிழமைக்கு ஒன்பது நாள் இருந்தது.

அந்தச் சனிக்கிழமைக்குத்தான் இருவரும் மூன்று வருஷமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். டிவி சேனல் ஒன்று நடத்தும் காமெடிப் போட்டிக்குத் தென் மாவட்டத்து ஆட்களைப் பசுமலையில் ஒரு கல்லூரி அரங்கத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அழகர்கோவில் பக்கத்து ஊர்த் திருவிழாவில் யாரோ செல்போனில் எடுத்துப் போட்ட வீடியோவைப் பார்த்து அவர்களே கூப்பிட்டிருந்தார்கள். "அந்த பென்ஷன் ஆபீஸ் ஸ்கெட்ச்சையே பண்ணுங்க, அந்த அறை, அந்த ஸ்லாப்தான் வேணும்," என்று போனில் ஒரு பெண் சொன்னபோது பேயாண்டி வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு ஆடினான்.

யூனுஸுக்கு ஆடத் தெம்பில்லை. அக்கா வீட்டுக்காரர் நஜீம் ஷார்ஜாவில் பெட்டி, பை விற்கும் கடையில் இருக்கிறார். அங்கே இவனுக்கு விசா எடுத்து, டிக்கெட்டும் போட்டாயிற்று. சனிக்கிழமையிலிருந்து பதினோராம் நாள் விமானம். "டிவில எடுத்துட்டாங்கன்னா டிக்கெட்டக் கிழிச்சுப் போடு. எடுக்கலேன்னா மறுபேச்சு பேசாமப் போயிரணும்," என்று அத்தா சொல்லிவிட்டார். முப்பத்தொரு வயதில் மகன் ஊர் ஊராகப் போய்ப் பவுடர் பூசி நிற்பதை அவர் அதற்குமேல் தாங்கமாட்டார். இவனும் தலையாட்டிவிட்டான்.

இருவரும் சேர்ந்த கதை பெரிய கதையில்லை. விளக்குத்தூண் பக்கம் யூனுஸ் வேலை பார்த்துவந்த, பை தைத்து விற்கும் கடைக்குத் தண்ணீர் கேன் போட வருகிறவன் பேயாண்டி. திருமங்கலத்தைத் தாண்டி ஒரு கிராமம். அப்பா பருத்தி, மக்காச்சோளம் என்று வெள்ளாமை பார்க்கிறவர். மகனுக்கு மண் ஒட்டவில்லை. கேனை இறக்கும் அந்த இரண்டு நிமிஷத்துக்குள் கடை முதலாளி மாதிரி, முதலாளியிடம் பேரம் பேசும் அம்மா மாதிரி, அந்த அம்மாவின் இடுப்பில் அழும் பிள்ளை மாதிரி பேசிக் காட்டிவிட்டுத்தான் போவான். ஒருநாள் யூனுஸ் கல்லாவில் உட்கார்ந்தபடியே முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "கேன்ல தண்ணி கொறையுதே, வழியில குடிச்சியா?" என்று கேட்க, அதற்கு அவன் ஒன்று சொல்ல, கடை வாசலில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அப்புறம் பேயாண்டி விடுவானா?

அழகுபாண்டி அண்ணன் நடத்தும் ஆடல் பாடல் குழுவில், இரண்டு பாட்டுக்கு நடுவே பெண்கள் உடை மாற்றும் பத்து நிமிஷத்தை நிரப்ப ஆள் வேண்டியிருந்தது. அங்கேதான் ஏறினார்கள். ஒத்தடம் பிரதர்ஸ் என்று பெயர் வைத்ததும் அந்த அண்ணன்தான்.

பென்ஷன் ஆபீஸ் இப்படிப் போகும். ரெக்கார்டில் இறந்துபோனதாகப் பதிவாகிவிட்ட ஒரு கிழவன், தான் உயிரோடு இருப்பதாக மனு கொடுக்க வருகிறான். கிழவன் பேயாண்டி. ஆபீசர் யூனுஸ்.

"சார், நான் சாகல சார்."

"அத நீ சொல்லக் கூடாதுய்யா, ரெக்கார்டு சொல்லணும்." அறை. "வலிச்சுச்சா?"

"வலிச்சுச்சு சார்."

"யாருக்கு?"

"எனக்குத்தான் சார்."

"செத்தவனுக்கு எப்படிய்யா வலிக்கும்? ஆபீஸ்ல வந்து பொய் சொல்றியா?" அறை.

இப்படியே பதினொன்று. கையெழுத்து கடைசிவரை விழாது. பதினோராவது அறையில் கிழவன் மனுவைத் தானே கிழித்துப்போட்டு, "சரி சார், நான் செத்தே போறேன். அந்தச் சர்டிபிகேட்டையாச்சும் குடுங்க," என்று கும்பிடுவான். அந்த இடத்தில் பெண்கள் பகுதியிலிருந்து கிளம்பும் சிரிப்பு இருக்கிறதே, அது ஜெனரேட்டர் சத்தத்தையும் அமுக்கிவிடும்.

முதல் மேடையில் யூனுஸ் நிஜமாக அடிக்கவில்லை. நாடகக்காரர்கள் செய்கிற மாதிரி, ஒரு கையை வீசி, கன்னத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கையைத் தட்டினான். கிராமத்து மேடை மூன்று பக்கமும் திறந்து கிடப்பது. பக்கவாட்டில் டிராக்டர் மேல் உட்கார்ந்திருந்தவர்கள், "டேய், கையத்தான் தட்டுறான்டா! ஏமாத்துறாங்கப்பா!" என்று கத்த ஆரம்பித்தார்கள். ஒரு செருப்பு வந்து விழுந்தது. பேயாண்டி உதட்டை அசைக்காமல், "நெசமாவே அடி மாப்ள," என்றான். யூனுஸ் அடித்தான். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. அன்றைக்கு ஆரம்பித்தது, நிற்கவேயில்லை.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. மேடை ஏறும்முன் பேயாண்டி, "நீ எனக்கு வலப்பக்கமா நின்னுக்க மாப்ள. எனக்கு அதான் ராசி," என்று சொல்லியிருந்தான். யூனுஸ் நம்பிவிட்டான். மேடைத் தொழிலில் ராசி பார்க்காதவன் யார்? அழகுபாண்டி அண்ணன் பச்சைச் சட்டை போட்டவனை மேடையேற்ற மாட்டார். பாடுகிற பெண் தெற்கே பார்த்துச் செருப்பைக் கழற்ற மாட்டாள். அந்த வரிசையில் இதையும் வைத்துக்கொண்டான். டீக்கடையிலும் பஸ்ஸிலும் பேயாண்டி எப்போதும் இவனுக்கு இடப்பக்கமாகவே வந்து உட்கார்ந்ததைக்கூட, ராசி முற்றிப்போய்விட்டது என்று கேலிதான் பண்ணினான்.

கிழவன் கையைக் கட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நேராக நிற்க வேண்டும். ஆபீசர் வலப்பக்கம் நின்று அடிக்க வேண்டும். அடி எங்கே விழும்? பக்கத்தில் இருக்கிற கன்னத்தில்தான். ஜெனரேட்டர் இரைச்சலில் தன் பேச்சு கேட்க வேண்டுமே என்று, இருந்த ஒரே நல்ல காதை அவன் மூன்று வருஷமாக இவன் கைக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான்.

ஆஸ்பத்திரிப் படியிறங்கும்போது யூனுஸ் கேட்டான், "ஏன்டா சொல்லல?"

"ஒத்தக் காதுக்காரன்னா நீ வேற ஆளப் பாத்திருப்ப."

"பாத்திருக்க மாட்டேன்டா."

"நானா இருந்தா பாத்திருப்பேன்," என்றான் பேயாண்டி, காதில் வைத்த பஞ்சை அமுக்கிக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் கம்பெனிக்கு லீவு. மோட்டார் ஓடாத கொட்டகையில், நீலக் கேன்களைத் தள்ளி இடம் பண்ணிக்கொண்டு ஒத்திகை பார்த்தார்கள். பேயாண்டியின் மனைவி தாமரைச்செல்வி கவிழ்த்த கேன் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். அவள்தான் கூட்டம், அவள்தான் ஜட்ஜ்.

முதலில் பக்கத்தை மாற்றினார்கள். யூனுஸ் இடப்பக்கம் வந்து, கேட்காத காதுப் பக்கம் நின்றான். அந்தக் காதில் அடி விழுந்தாலும் போவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இவன் பேசுவது சுற்றிக்கொண்டு போய் வலது காதில் ஏறி, பஞ்சைத் தாண்டிப் புரிந்து, பதில் வருவதற்குள் ஒரு மூச்சு அளவு நேரம் தப்பிவிடுகிறது. காமெடியில் ஒரு மூச்சு என்பது ஒரு யுகம்.

"என்னங்க, தூங்கிட்டீகளா?" என்றாள் தாமரைச்செல்வி.

பிறகு ஆளை மாற்றினார்கள். பேயாண்டி ஆபீசர், யூனுஸ் கிழவன். இரண்டாவது அடியிலேயே அவள், "போதும், போதும். அண்ணே மூஞ்சியப் பாத்தா அழுகையா வருது," என்று எழுந்துவிட்டாள்.

"நீ அடி வாங்குனா சிரிப்பு வரல மாப்ள. ஆம்புலன்ஸுக்குப் போன் போடத்தான் தோணுது," என்றான் பேயாண்டி. அவன் வாங்கும்போது ஏன் சிரிப்பு வருகிறது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அடி விழுந்ததும் அவன் முகத்தில் வலிக்கு முன்னால் ஒரு மரியாதை வரும். அதுவாக இருக்கலாம்.

"அப்ப ஒண்ணு செய்வோம்," என்றான் பேயாண்டி. "பழைய மாதிரியே நின்னு, நெசமாவே அடிச்சிருவோம். ஒரு தடவதான? எடுத்துட்டாங்கன்னா அப்புறம் சென்னைல பெரிய டாக்டரே பாத்துக்கிருவாரு."

"வாய மூடு."

"பதினொண்ணு வேணாம். நாலு."

"இது என்ன கத்திரிக்காயாடா, பேரம் பேசுறதுக்கு?" யூனுஸின் குரல் கொட்டகையில் மோதித் திரும்பியது. "கைய மட்டும் தட்டுவேன். அரங்கத்துல எல்லாரும் எதிர்க்கதான் உக்காந்திருப்பாங்க, தெரியாது. அடிக்கச் சொல்லி நீ மேடையில கேக்கக் கூடாது. தாமரை மேல சத்தியம் பண்ணு."

தாமரைச்செல்வி புருஷனின் கையை இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். அவன் சத்தியம் பண்ணினான். அவள் வாசல்வரை வந்து யூனுஸிடம் மெதுவாகச் சொன்னாள்: "எங்க சின்னது அம்மான்னு சொல்லப் போற நேரம்ணே. அத இந்த மனுசன் கேக்கணும்ணே. வேற ஒண்ணும் வேணாம்."

அந்த ஒரு வாரம் யூனுஸ் சரியாகச் சாப்பிடவில்லை. கடையில் பைக்கு ஜிப் மாட்டும்போது கை தானாக நின்றுவிடும். ஷார்ஜாவிலிருந்து நஜீம் மச்சான் அனுப்பிய கடை போட்டோவைத் திறந்து பார்ப்பான். அடுக்கடுக்காகப் பெட்டிகள், நடுவில் ஓர் ஆள் நிற்க மட்டும் இடம். அதை மூடிவிட்டு வீடியோவைப் பார்ப்பான். அதில் தன் கை விழுவதையும் கூட்டம் புரள்வதையும் பார்ப்பான். மறுபடி ஓடவிட்டு, கூட்டத்தை விட்டுப் பேயாண்டியின் காதை மட்டும் பார்ப்பான். அவனுக்கே தெரிந்தது: எந்த அடியை எங்கே இறக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான். தாடைப் பக்கமாக இறக்கினால் காதுக்குப் போகாதோ? அப்படித்தானே மூன்று வருஷமும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டு கையை ஓங்கினான்?

சனிக்கிழமை காலை பசுமலை அரங்கத்தில் நூற்றுக்கும் மேல் ஆட்கள். நாற்பத்தாறாவது டோக்கன் இவர்களுக்கு. உள்ளே போனதும் யூனுஸ் சுற்றிப் பார்த்தான். எதிரே மூன்று ஜட்ஜுகள். அது போக, இடப்பக்கம் ஒரு கேமரா, வலப்பக்கம் ஒரு கேமரா, இரண்டுக்கும் பின்னால் பெரிய திரை. மூன்று பக்கமும் திறந்த மேடைதான் இதுவும்.

முதல் அடிக்குக் கையைத் தட்டினான். பக்கத்துத் திரையில் கன்னத்துக்கும் கைக்கும் நடுவே ஒரு சாண் வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தது. ஜட்ஜுகளில் ஒருவர் பேப்பரில் ஏதோ எழுதினார். இரண்டாவது. மூன்றாவது. அரங்கத்தில் ஏசி ஓடும் சத்தம் கேட்டது.

நடுவில் உட்கார்ந்திருந்த பெண், போனில் பேசிய அதே குரல், பேனாவை மூடி வைத்தாள்.

அதைப் பேயாண்டியும் பார்த்துவிட்டான். நான்காவது அடிக்கு யூனுஸ் கையைத் தட்டியதும், "வலிச்சுச்சு சார்," என்று சொல்ல வேண்டியவன் சொல்லவில்லை. கன்னத்தைத் தடவினான். கிள்ளிப் பார்த்தான். முகம் மெல்ல வெளுத்தது.

"சார், வலிக்கலையே சார்."

யூனுஸுக்குப் புரியவில்லை.

"ரெக்கார்டுல இருக்கறது நெசந்தான் போலருக்கே சார்! நான் செத்துத்தான் போயிட்டனா? ஐயய்யோ, அப்ப காலைல ஆறு இட்லி தின்னது யாரு சார்?"

ஒரு ஜட்ஜ் சிரித்துவிட்டார். பின்வரிசையில் காத்திருந்த போட்டிக்காரர்களும் சிரித்தார்கள். பேயாண்டி வலது கன்னத்தைத் தூக்கி யூனுஸுக்கு முன்னால் நீட்டினான். "சார், புண்ணியமாப் போகும். ஒண்ணே ஒண்ணு ஒழுங்காப் போடுங்க சார். நான் இருக்கேனா இல்லையான்னு எனக்கே தெரியணும்."

கேட்க மாட்டேன் என்று சத்தியம் செய்தவன் கேட்டுவிட்டான். கிழவனின் வாயால் கேட்டுவிட்டான். பேனாவை மூடியவள் முன்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்தாள். இப்படி ஓர் இடம் மூன்று வருஷத்தில் ஒருநாளும் அமைந்ததில்லை. இந்த இடத்தில் அடி விழுந்தால் கூரை பிய்த்துக்கொண்டு போகும். அது அரங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. அடிக்கிறவனுக்கு நன்றாகவே தெரிந்தது.

யூனுஸ் கையை ஓங்கினான்.

கை மேலே போன பிறகுதான் அவனுக்குப் பயம் வந்தது. கைக்கு அடிக்க ஆசையாக இருந்தது. டிக்கெட்டைக் கிழிக்கலாம், பெட்டிகளுக்கு நடுவே போய் நிற்க வேண்டாம், அத்தா எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு டிவியைக் காட்டுவார். எல்லாம் அந்த ஒரு முழ தூரத்தில் இருந்தது. பஞ்சுக்கு மேல் பவுடர் பூசிய காதும் அங்கேதான் இருந்தது. பேயாண்டி கண்ணை மூடவில்லை. கெஞ்சுவதுபோல ஒரு முறை இமைத்தான். கிழவன் இமைக்கவில்லை, பேயாண்டிதான் இமைத்தான்.

யூனுஸ் கையை இறக்கினான். பேயாண்டியின் கையிலிருந்த மனுவை வாங்கினான். "போதும்யா. நீ உசுரோடதான் இருக்க," என்று சொல்லி, சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்து அதில் கையெழுத்துப் போட்டான்.

யாரும் சிரிக்கவில்லை. ஸ்கெட்ச் அத்தோடு முடிந்துவிட்டது. ஆபீசர் கையெழுத்துப் போட்டுவிட்டால் கிழவனுக்கு அந்த மேடையில் ஒரு வேலையும் கிடையாது. பேயாண்டி பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, வேட்டி அவிழ்ந்தவன்போல நின்றான்.

"நல்லாப் போயிட்டிருந்துச்சே," என்றாள் அந்தப் பெண். அவளுக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. "எண்டிங்ல ஏன் விட்டுட்டீங்க? பரவாயில்ல, அடுத்த சீசன்ல வாங்க. நாற்பத்தேழு!"

பசுமலை பஸ் நிறுத்தம்வரை பேயாண்டி விறுவிறுவென்று முன்னால் நடந்தான். நிறுத்தத்தில் ஆட்கள் இருந்தார்கள். அதைப் பொருட்படுத்தாமல் யூனுஸ் பக்கம் திரும்பி நின்றான்.

"எனக்குப் பாவம் பாக்க நீ யாருடா?"

"மாப்ள, டாக்டரம்மா சொன்னத..."

"என் காதுடா அது. நான் குடுக்குறேன்னு சொன்னேன்ல? மூணு வருஷமா வாங்கிக்கிட்டேல்ல? இன்னைக்கு மட்டும் என்ன?"

"தெரியாம வாங்குனேன்டா."

"தெரிஞ்சு ஒரே ஒரு தடவ வாங்கியிருந்தா நாம ஜெயிச்சிருப்போம்." பேயாண்டிக்கு மூக்கு விடைத்தது. பவுடரில் கண்ணீர் கோடு போட்டது. "நீ பிளேன் ஏறிப் போயிருவ. அங்கன உனக்கு ஒரு கடை இருக்கு. எனக்கு இந்தக் காத வச்சுக்கிட்டு எதக் கேக்கச் சொல்ற? தண்ணி கேன் உருள்றதையா?"

இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒரு அம்மா, "ஏப்பா, ரோட்டுல நின்னு அழுதுக்கிட்டு," என்றாள். அவள் சொல்லி முடிக்கும்முன் திருமங்கலம் பஸ் வந்தது. பேயாண்டி ஏறிவிட்டான். ஜன்னலோரம் இடம் இருந்தும் உட்காராமல், ரோட்டுக்கு முதுகைக் காட்டிக் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டான்.

பதினோராம் நாள் யூனுஸ் ஷார்ஜா போனான். விமான நிலையத்துக்கு அக்காவும் அத்தாவும்தான் வந்தார்கள். கண்ணாடிக் கதவைத் தாண்டியும் நாலைந்து தடவை திரும்பிப் பார்த்தான். அவன் யாரைத் தேடுகிறான் என்று தெரிந்தும் அத்தா கேட்கவில்லை.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்மா முடிந்ததும் பேயாண்டிக்குப் போன் போடுவான். அடித்து அடித்து ஓயும். ஏழு வாரம் அப்படியே போயிற்று. ஆபரேஷன் முடிந்ததைத் தாமரைச்செல்வி ஒரு வரி மெசேஜில் அனுப்பியிருந்தாள். கட்டுப் பிரித்தார்களா, ஒட்டியதா, ஒன்றும் தெரியவில்லை. பெட்டியின் சக்கரத்தை வாடிக்கையாளர் உருட்டிப் பார்க்கும்போதெல்லாம் இவன் வாடிக்கையாளரின் காதைப் பார்த்தான். மச்சான் இரண்டு தடவை சத்தம் போட்டார்.

எட்டாவது வெள்ளி, தாமரைச்செல்வி போனை எடுத்தாள்.

"கட்டுப் பிரிச்சாச்சாம்மா?" என்றான் யூனுஸ், சலாமும் இல்லாமல் நலமும் கேட்காமல்.

"பிரிச்சு நாலு நாள் ஆச்சுண்ணே."

"கேக்குதா?"

அவள் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் அவன் அடுக்கி வைத்த பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தான்.

"எப்படிண்ணே சொல்றது. நான் பேசுனா பதில் சொல்லுது. எப்பவும் என் வாயப் பாத்துக்கிட்டேதான் இருக்கும், அதனால கேட்டுச் சொல்லுதா, பாத்துச் சொல்லுதான்னு வெளங்கல. டாக்டரம்மா அடுத்த வாரம்தான் மிசின்ல வச்சுப் பாப்பாங்களாம்."

"என்னப் பத்தி ஏதாச்சும்..."

"அத ஏன் கேக்குறீங்க. நேத்து அடுப்படியில நின்னு மாமியாகிட்ட உங்க பேரச் சொன்னேன். இது தின்னுக்கிட்டு இருந்துச்சு, முதுகக் காட்டி உக்காந்துக்கிட்டு. பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போயிருச்சுண்ணே. அம்புட்டுக் கோவம்."

யூனுஸ் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"முதுகக் காட்டியா உக்காந்திருந்தான்?"

"ஆமாண்ணே."

"நீ அடுப்படியிலதான நின்ன?"

"ஆமா."

"அப்புறம் என்ன தாயி? கேட்டாத்தான எந்திரிச்சுப் போக முடியும்!"

அந்தப் பக்கம் அவள் சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு நடுவிலேயே அழுகையாகிவிட்டது. "ஏங்க," என்று அவள் வாசலைப் பார்த்துக் கத்தினாள், "ஏங்க, யூனுஸ் அண்ணன் என்ன சொல்லுதுன்னு வந்து கேளுங்க!"

பதிலுக்கு, கேன் ஏற்றிய குட்டியானை வண்டியைப் பேயாண்டி கிளப்பிக்கொண்டு போகிற சத்தம்தான் போனில் வந்தது. யூனுஸ் அதைக் கடைசிவரை கேட்டான்.